இருபது கிலோவும் அறுபது நாளும்

ஒருவரிடம் 19 கிலோ 900 கிராம் கஞ்சா பிடிபட்டால், அவருக்கு எவ்வளவு தண்டனை என்பதை முடிவு செய்யும் உரிமை நீதிபதியிடம் இருக்கிறது. இரண்டாண்டும் கொடுக்கலாம், ஐந்தாண்டும் கொடுக்கலாம், பத்தாண்டு வரைக்கும் போகலாம். சரக்குக்குச் சொந்தக்காரரா கூலிக்குச் சுமந்தவரா, இது முதல் குற்றமா, வீட்டில் அவரை நம்பி யார் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் யோசித்துப் பார்க்க அவருக்கு இடம் உண்டு. அதே மூட்டையில் இன்னும் 200 கிராம் கூடி 20 கிலோ 100 கிராம் ஆகிவிட்டால் அந்த இடம் இல்லாமல் போகிறது. பத்தாண்டுக் கடுங்காவலும் ஒரு லட்ச ரூபாய் அபராதமும் கட்டாயமாகிவிடும். அதற்கு மேல் இருபதாண்டு வரை ஏற்றலாம். கீழே ஒரு நாள்கூட இறக்க முடியாது. 20 கிலோவுக்கு மேற்பட்ட கஞ்சா, 250 கிராமுக்கு மேற்பட்ட ஹெராயின், 50 கிராமுக்கு மேற்பட்ட மெத்தம்பெட்டமைன் ஆகியவற்றைச் சட்டம் ‘வணிக அளவு’ என்கிறது. அந்த அளவைத் தாண்டியவருக்குத் தராசுமுள்தான் தண்டனையின் அடிமட்டத்தைக் குறிக்கிறது. அப்படியானால் அந்தத் தராசை யார் பிடித்தார்கள், எதைப் போட்டு நிறுத்தார்கள், நிறுத்ததைச் சரியாக எழுதினார்களா என்று மறுபடி ஒருமுறை பார்க்க ஓர் இடம் வேண்டும். அந்த இடம்தான் மேல்முறையீடு. போதைப்பொருள் வழக்கில் தண்டிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்தார் என்று செய்தித்தாளில் படித்தால், ‘தப்பிக்கப் பார்க்கிறான்’ என்று நினைப்பவர்களே நம்மில் அதிகம். அந்த எண்ணம் தவறு என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் 1985 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 1989இல் செய்த திருத்தம் அதைப் பல மடங்கு கடுமையாக்கியது. பிடிபட்ட பொருளின் அளவுக்கேற்பத் தண்டனையைப் படிப்படியாக அமைத்தது 2001இல் வந்த திருத்தம். அதற்கு முன்பு சில கிராம் வைத்திருந்தவரும் லாரி லாரியாகக் கடத்தியவரும் ஏறக்குறைய ஒரே தட்டில் நின்றார்கள். ஆகவே 2001 திருத்தம் ஒருவகையில் நியாயத்தை நோக்கி வைத்த அடிதான். ஆனால் வணிக அளவு வழக்கில் சிக்கியவருக்கு, மற்றக் குற்றவாளிகளுக்குத் திறந்திருக்கும் வாசல்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டிருக்கின்றன. அவர் குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே போனாலும் இனிக் குற்றம் செய்யமாட்டார் என்று நீதிமன்றம் திருப்தி அடைந்தால் ஒழிய ஜாமீன் கிடையாது என்கிறது 37ஆம் பிரிவு. பொருள் ஒருவர் வசம் இருந்தது நிரூபணமாகிவிட்டால், அது என்னவென்று அவருக்குத் தெரியும் என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கின்றன 35, 54ஆம் பிரிவுகள். தெரியாது என்று நிரூபிக்கும் சுமை பிடிபட்டவர் தலையில் விழுகிறது. சிறையில் நன்னடத்தைக்காகக் கிடைக்கும் தண்டனைக் குறைப்பும், அரசு நினைத்தால் தரும் முன்விடுதலையும் இவர்களுக்கு இல்லை என்று 32ஏ பிரிவு தடுத்துவிடுகிறது. கொலைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றவர்கூட அரசின் குறைப்பை எதிர்பார்க்கலாம். கஞ்சா மூட்டையோடு பிடிபட்டுப் பத்தாண்டு பெற்றவர் எதிர்பார்க்க முடியாது. குடியரசுத் தலைவருக்கும் ஆளுநருக்கும் அரசியல் சாசனம் தரும் கருணை அதிகாரத்தை விட்டால், அவருக்கு மிஞ்சுவது மேல்முறையீடு ஒன்றுதான்.

இந்த வழக்குகளைச் சிறப்பு நீதிமன்றங்கள் விசாரிக்கின்றன. அவற்றின் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்; தமிழ்நாட்டில் சென்னைக்கோ, 2004 முதல் இயங்கிவரும் மதுரைக் கிளைக்கோ. இந்த முதல் மேல்முறையீடு யாரும் மனமிரங்கிக் கொடுக்கும் சலுகையன்று, உரிமை. சாட்சிகள் திரும்பவும் கூண்டேற மாட்டார்கள். ஆனால் அவர்கள் சொன்னது, குறுக்கு விசாரணையில் தடுமாறியது, மகஜரில் எழுதியது, ரசாயனப் பரிசோதனை அறிக்கை, சீல் வைத்த தேதி என எல்லாவற்றையும் உயர் நீதிமன்றம் புதிதாக எடைபோட வேண்டும். சட்டம் சரியாகப் பொருத்தப்பட்டதா என்பதோடு உண்மை சரியாகக் கண்டறியப்பட்டதா என்பதையும் அது பார்க்கும். அதற்கும் மேலே உச்ச நீதிமன்றத்துக்குப் போவது வேறு விஷயம். அங்கே சிறப்பு அனுமதி கிடைத்தால்தான் வழக்கே விசாரணைக்கு வரும். மேல்முறையீடு செய்தால் தண்டனை கூடிவிடுமோ என்ற பயம் சிறைக்குள்ளும் குடும்பங்களிலும் உண்டு. கைதி தானே போடும் மேல்முறையீட்டில் தண்டனையைக் கூட்ட முடியாது. கூட்ட வேண்டுமானால் அரசு தனியாக மேல்முறையீடு செய்ய வேண்டும், அல்லது உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து நோட்டீஸ் கொடுத்துக் கைதியின் பதிலைக் கேட்க வேண்டும். இதைத் தெரியாமல் பேசாமல் இருந்துவிட்டவர்கள் இழந்தது சிறிதன்று.

தண்டனையை மட்டும் எதிர்த்து என்ன பெறமுடியும்? பத்தாண்டு என்ற அடிமட்டத்தை எந்த நீதிமன்றமும் தொடாது. அதற்கு மேலே ஏற்றியதைக் கேள்வி கேட்கலாம். குறைந்தபட்சத்தைவிட அதிகம் கொடுக்கும்போது எதையெல்லாம் பார்க்கலாம் என்று 32பி பிரிவு சொல்கிறது: ஆயுதமோ வன்முறையோ பயன்பட்டதா, பதவியை வைத்துக்கொண்டு செய்தாரா, சிறுவர்களை ஈடுபடுத்தினாரா, பள்ளி கல்லூரி அருகே நடந்ததா, பன்னாட்டுக் கும்பலில் ஆளா என்பவை அதில் வருகின்றன. பிடிபட்ட அளவையும் கணக்கில் எடுக்கலாம் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதே வழக்கில் விசாரணை நீதிமன்றம் கொடுத்த 18 ஆண்டை உயர் நீதிமன்றம் 16 ஆக்கியிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை 12 ஆக்கியது. குற்றவாளி என்ற முடிவில் மாற்றமே இல்லாமல், மேல்முறையீட்டின் இரண்டு படிகளில் ஒரு மனிதருக்கு ஆறு ஆண்டு திரும்பக் கிடைத்தது. குஜராத்திலிருந்து போன இன்னொரு வழக்கில் 2012இல் 15 ஆண்டு 10 ஆனது. அபராதம் கட்டத் தவறினால் இன்னும் மூன்றாண்டு என்றிருந்தது ஆறு மாதமாகச் சுருங்கியது.

அந்த அபராத விஷயத்தில் சற்று நிற்க வேண்டும். வணிக அளவு வழக்கில் தண்டனை பெறுபவர் குறைந்தது ஒரு லட்சம் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் கூடுதல் சிறை. அந்தக் கூடுதல் சிறை எவ்வளவு என்பது நீதிபதியின் கையில் இருக்கிறது. மூன்றாண்டு வரை விதித்த தீர்ப்புகள் உண்டு. சரக்கின் முதலாளியால் ஒரு லட்சத்தை ஒரே நாளில் கட்டிவிட முடியும். கூலிக்குச் சுமந்தவரால் முடியாது. அப்படி ஒரு தொகை கையில் புரளும் நிலையில் இருந்திருந்தால் அவர் சுமக்கவே வந்திருக்க மாட்டார். ஆகவே ஒரே குற்றத்துக்கு முதலாளி பத்தாண்டும் கூலியாள் பதிமூன்றாண்டும் உள்ளே இருக்கும் விபரீதம் நடக்கிறது. மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில் 2007இல் உச்ச நீதிமன்றம் இதை நேராகப் பார்த்தது. தண்டிக்கப்பட்டவர் பரம ஏழை, வெறும் சுமப்பவர், அவருக்கு இது முதல் குற்றம், வறுமையால்தான் அபராதம் கட்ட முடியவில்லை என்று கூறி, கட்டத் தவறியதற்கான மூன்றாண்டை ஆறு மாதமாகக் குறைத்தது. பத்தாண்டு அப்படியே இருந்தது. இரண்டரை ஆண்டு என்பது ஒரு பிள்ளை எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புக்குப் போகும் காலம். குற்றத் தீர்ப்பை உடைக்க வழியே இல்லாத வழக்கிலும் இந்த ஒரு கோரிக்கைக்காகவாவது மேல்முறையீடு செய்யலாம். குற்றத்தீர்ப்பை மட்டுமே எதிர்த்து வாதாடும் மனுக்களில் இந்தக் கோரிக்கை விடுபட்டுப் போகாமல் வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது எடை. கஞ்சா என்று சட்டம் சொல்வது கஞ்சாச் செடியின் பூவும் காயும் கொண்ட நுனிக்கொத்தைத்தான். நுனிக்கொத்தோடு சேராத இலையும் விதையும் கஞ்சா ஆகாது. வேர், தண்டு, இலை எல்லாவற்றையும் சேர்த்து மூட்டையாகத் தூக்கித் தராசில் வைத்து 22 கிலோ என்று எழுதினால், அதில் சட்டம் கேட்கும் கஞ்சா எவ்வளவு என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்விக்கு விடை 20 கிலோவுக்குள் வந்தால் கட்டாயப் பத்தாண்டு விழுந்துவிடும். ஹெராயினில் இதே சிக்கல் வேறு வடிவில் வந்தது. கேரள வழக்கு ஒன்றில் பிடிபட்டது 4 கிலோவுக்குச் சற்று அதிகம். ஆனால் அதில் உண்மையான ஹெராயின் நூற்றுக்கு ஒன்றரை பங்குதான். கலப்படத்தை நீக்கினால் சுமார் 60 கிராம். 2008இல் உச்ச நீதிமன்றம் உண்மையான மருந்தின் அளவைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லி, பத்தாண்டை ஆறாண்டாக்கியது. 2020 ஏப்ரலில் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தக் கருத்து தவறு என்றது. கலந்திருக்கும் மாவோ தூளோ எதுவானாலும் மொத்த எடைதான் கணக்கு என்று தீர்ப்பளித்தது. தெருவில் விற்பனையாவது கலப்படமான பொருள்தான், அதுதான் அதிகப் பேரைச் சென்று சேர்கிறது, கலப்படம் செய்தவருக்குத் தண்டனை குறையக்கூடாது என்ற தர்க்கத்தில் பொருள் உண்டு. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அதன் விளைவு என்னவென்றால், ஒவ்வொரு கிராமும் முன்பைவிடக் கனத்துவிட்டது. எடையை வைத்துத்தான் தண்டனை என்று சட்டமும் நீதிமன்றமும் முடிவு செய்துவிட்ட பிறகு, எடைபோட்ட விதத்தை, மாதிரி எடுத்த விதத்தை, சீல் வைத்த விதத்தைச் ‘சில்லறை விஷயம்’ என்று யாரும் ஒதுக்க முடியாது.

இங்கேதான் பொதுமக்களிடமிருந்து மிகக் கடுமையான ஆட்சேபம் வருகிறது. கையும் களவுமாகப் பிடிபட்டவனைத் தொழில்நுட்பக் காரணம் சொல்லி விடுவிக்கலாமா? காகிதத்தில் ஒரு கையெழுத்து இல்லை என்பதற்காக விஷம் விற்றவன் வீட்டுக்குப் போகலாமா? இந்தக் கோபத்துக்குப் பின்னால் உண்மையான துயரம் இருக்கிறது. 2019இல் மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்திய ஆய்வு, நாட்டில் சுமார் 3.1 கோடிப் பேர் கஞ்சா வகைகளையும் 2.26 கோடிப் பேர் அபின், ஹெராயின் வகைகளையும் பயன்படுத்துவதாகக் கணக்கிட்டது. ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளிலிருந்து ரயிலிலும் பஸ்ஸிலும் வரும் கஞ்சா நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளின் பைக்குள் போவதும், மீதி ராமநாதபுரக் கடற்கரையிலிருந்து படகேறி இலங்கைக்குப் போவதும் எல்லோரும் அறிந்தது. மகனைப் போதைக்குப் பறிகொடுத்த தாயிடம், மாதிரி எடுக்கும் முறையைச் சொல்லும் 52ஏ பிரிவைப் பற்றிப் பேச யாருக்கும் மனம் வராது.

ஆயினும் அந்த நடைமுறைகள் எதற்காக வந்தன என்று பார்க்க வேண்டும். போதைப்பொருள் வழக்கில் புகார் கொடுப்பவர் ஒருவர் கிடையாது; காயம் கிடையாது; பெரும்பாலும் வெளிச்சாட்சியும் கிடையாது. சோதனை போட்டவர், பிடித்தவர், எடைபோட்டவர், சாட்சி சொல்பவர் எல்லோரும் ஒரே துறையினர். பொட்டலம் இவரிடம்தான் இருந்தது என்பதற்கு அவர்கள் வார்த்தையே ஆதாரம். பொட்டலத்தை ஒருவர் பைக்குள் வைத்துவிட்டு எடுப்பது எவ்வளவு சுலபம் என்று சட்டம் இயற்றியவர்களுக்குத் தெரியும். அதனால்தான் காரணமில்லாமல் சோதனை போடும் அதிகாரிக்கும் பொய்த் தகவலால் ஒருவரைச் சிக்கவைப்பவருக்கும் 58ஆம் பிரிவில் தண்டனை வைத்தார்கள். உடலைச் சோதிக்கும் முன், கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு என்று சொல்ல வேண்டும் என்கிறது 50ஆம் பிரிவு. 1999இலும் 2010இலும் ஐந்து நீதிபதிகள் அமர்வுகள் அந்த உரிமையை உறுதி செய்தன. தண்டனை எவ்வளவுக்குக் கடுமையோ அவ்வளவுக்கு நிரூபணமும் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பது குற்றவியல் சட்டத்தின் பழைய நெறி. 2008இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தின் அனுமானப் பிரிவுகள் செல்லும் என்று தீர்ப்பளித்தபோதும், அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்புதான் முதலில் நிரூபிக்க வேண்டும் என்று இந்த நெறியின் மேல் நின்றே சொன்னது.

தமிழ்நாட்டிலிருந்து போன இரண்டு வழக்குகள் இதற்கு நல்ல சான்று. முதல் வழக்கில் சென்னையில் 2004இல் ஐந்து கிலோவுக்கும் மேற்பட்ட ஹெராயின் பிடிபட்டது. தண்டிக்கப்பட்டவருக்கு எதிரான முக்கிய ஆதாரம், போதைப்பொருள் கட்டுப்பாட்டு அதிகாரிகள் 67ஆம் பிரிவின்கீழ் எழுதி வாங்கிய வாக்குமூலம். போலீஸ்காரரிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்பது நம் சாட்சியச் சட்டத்தில் வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே இருக்கும் விதி. இந்த அதிகாரிகள் போலீஸ் அல்ல, எனவே அந்த விதி இவர்களுக்கு இல்லை என்று பல ஆண்டு வாதாடி, அப்படியே நாடெங்கும் ஆட்களைச் சிறைக்கு அனுப்பினார்கள். 2020 அக்டோபர் 29 அன்று நீதிபதிகள் ரோஹின்டன் நாரிமன், நவீன் சின்ஹா இருவரும், நீதிபதி இந்திரா பானர்ஜி மாறுபட, அந்த வாக்குமூலத்தை ஒப்புதல் வாக்குமூலமாக வைத்துத் தண்டிக்க முடியாது என்று தீர்ப்பளித்தார்கள். காவலில் இருக்கும் மனிதரிடம் எழுதி வாங்கிய காகிதத்தை நம்பிப் பத்தாண்டு சிறை கொடுக்கலாமா என்ற கேள்வி தொழில்நுட்பக் கேள்வியா? இரண்டாவது வழக்கு, 2000ஆம் ஆண்டில் சென்னையில் லாரியில் பிடிபட்ட ஹெராயின் பற்றியது. மாதிரிகளை மாஜிஸ்திரேட் முன்னிலையில் எடுக்க வேண்டும் என்ற 52ஏ பிரிவைப் பின்பற்றவில்லை. எடுத்த மாதிரி அந்த மூட்டையிலிருந்துதான் வந்தது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்பதால், சிறப்பு நீதிமன்றம் கொடுத்து உயர் நீதிமன்றம் உறுதி செய்த பத்தாண்டுத் தண்டனையை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நீக்கியது.

சிறு பிழை கண்டாலே விடுதலை என்ற எண்ணமும் உண்மைக்குப் பொருந்தாது. உயர்ந்த நீதிமன்றங்கள் அண்மைக் காலத்தில் அரசுத் தரப்புப் பக்கமே அதிகம் சாய்ந்திருக்கின்றன. புகார் கொடுத்த அதிகாரியே புலனாய்வும் செய்தால் வழக்கு கெட்டுவிடும் என்று 2018இல் வந்த தீர்ப்பை 2020இல் அரசியல் சாசன அமர்வு மாற்றியது. 50ஆம் பிரிவு உடல் சோதனைக்குத்தான், கையில் வைத்திருக்கும் பைக்கு அது பொருந்தாது என்பது இன்று நிலைபெற்ற சட்டம். வெளிச்சாட்சி இல்லாமல் அதிகாரிகளின் சாட்சியத்தை மட்டும் வைத்தும் தண்டிக்கலாம். 52ஏ பிரிவைப் பின்பற்றாதது மட்டுமே விடுதலைக்குப் போதாது, மற்ற ஆதாரங்களில் சந்தேகம் வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த அணுகுமுறை சரியென்றே எனக்கும் படுகிறது. பிழை இருந்ததா என்பதோடு நிற்காமல், அந்தப் பிழை உண்மையை மறைத்ததா என்று கேட்பதுதான் நியாயம். அப்படிக் கேட்பதற்கு வழக்கை யாராவது ஒருவர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்க்க வேண்டும். ஒழுங்காகப் பிடித்து, ஒழுங்காக நிறுத்து, ஒழுங்காக எழுதிய அதிகாரியின் வழக்கு மேல்முறையீட்டில் சாயாது. சாயும் வழக்குகளுக்காகக் கோபப்பட வேண்டிய இடம் நீதிமன்றம் அன்று. அந்தக் காகிதங்களைப் பொறுப்பில்லாமல் எழுதிய அலுவலகம்.

ஆனால் மேல்முறையீடு என்ற இந்த வாசலும் காலம் கடந்து திறந்தால் பயனில்லை. முன்னே சொன்ன 2004ஆம் ஆண்டு வழக்கையே பாருங்கள். 2013இல் உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு, கேள்வி பெரியது என்று கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு அனுப்பியது. அப்போதே அவர் பத்தாண்டுத் தண்டனையில் ஒன்பதாண்டுக்கும் மேல் கழித்திருந்தார். அந்த நிலையில்தான் மீதித் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. கேள்விக்கு விடை கிடைக்க மேலும் ஏழாண்டு ஆனது. அவர் பெயரால் வந்த தீர்ப்பின் பயன் நாடு முழுவதும் மற்றவர்களுக்குக் கிடைத்தது. அவருடைய ஒன்பதாண்டு போனது போனதுதான். 2000ஆம் ஆண்டு வழக்குக்கு முடிவு வர இருபத்து மூன்றாண்டு ஆனது. பத்தாண்டுத் தண்டனைக்கு எதிரான மேல்முறையீடு பத்தாண்டுக்குப் பிறகு முடிந்தால், வென்றவருக்குக் கிடைப்பது ஒரு காகிதம் மட்டுமே.

இதற்கு மாற்று, மேல்முறையீடு முடியும்வரை தண்டனையை நிறுத்திவைப்பது. 32ஏ பிரிவு முதலில் அதையும் தடுத்தது. 2000இல் உச்ச நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் அந்த அதிகாரத்தைப் பறிப்பது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று அந்தப் பகுதியை மட்டும் நீக்கியது. ஆனால் 37ஆம் பிரிவின் நிபந்தனைகள் நிறைவேற வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னது. இதன் பொருள், ஒரு நீதிமன்றம் குற்றவாளி என்று எழுதி மை காய்வதற்குள், அவர் குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது என்று இன்னொரு நீதிமன்றத்தை நம்பவைக்க வேண்டும். பெரும்பாலோருக்கு அது முடிகிற காரியமன்று. பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் இதற்கு ஒரு நடைமுறை வழி கண்டது: வணிக அளவு வழக்கில் பத்தாண்டு பெற்றவர் மொத்தம் ஆறாண்டைச் சிறையில் கழித்திருந்தால், அதில் தீர்ப்புக்குப் பின் குறைந்தது பதினைந்து மாதம் இருந்தால், மேல்முறையீடு விசாரணைக்கு வராத நிலையில் தண்டனையை நிறுத்திவைக்கலாம் என்றது. தாமதத்துக்குக் கைதி காரணமில்லை, தாமதத்தின் பாரத்தை மட்டும் அவர் ஏன் சுமக்க வேண்டும் என்பதே அதன் சாரம். நாடு முழுவதற்கும் இப்படி ஒரு தெளிவான அளவுகோல் வேண்டும்.

வெளியே விட்டால் மறுபடி அதே தொழிலுக்குப் போவார்கள், தலைமறைவாவார்கள் என்பார்கள். சிலர் போகவும் கூடும். அதற்காகத்தான் காவல் நிலையத்தில் கையெழுத்து, பாஸ்போர்ட் ஒப்படைப்பு, ஜாமீன்தாரர், மீறினால் உடனே ரத்து என்ற நிபந்தனைகள் இருக்கின்றன. அந்த அபாயத்தை அறவே விரும்பாதவர்கள் கேட்க வேண்டியது ஒன்றே: மேல்முறையீட்டைச் சீக்கிரம் விசாரியுங்கள். தீர்ப்பு வந்த இரண்டாண்டுக்குள் உயர் நீதிமன்றம் முடிவு சொல்லிவிட்டால் தண்டனையை நிறுத்திவைக்கும் பேச்சே எழாது. குற்றவாளி உள்ளேயே இருப்பார். நிரபராதி நேரத்துக்கு வெளியே வருவார். நீதிமன்றங்களில் வழக்குகள் குவிந்து கிடக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் சிறையில் இருந்தபடி காத்திருப்பவரின் மேல்முறையீட்டையும் வெளியே இருப்பவரின் சொத்து வழக்கையும் ஒரே வரிசையில் நிறுத்துவதற்கு அது காரணமாகாது.

கடைசியாக, மேல்முறையீடு செய்யும் வழி தெரியாமலே சிறையில் இருப்பவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் சில விஷயங்கள். பெரிய முதலாளிக்குப் பெரிய வக்கீல் கிடைத்துவிடுவார். பஸ்ஸில் பையோடு பிடிபட்ட பெண்ணுக்கும், லாரியில் என்ன ஏற்றினார்கள் என்று தெரியாது என்று சொல்லும் கிளீனருக்கும் அப்படி இல்லை. தீர்ப்பின் நகலைச் சிறைக்கைதிக்கு இலவசமாகத் தர வேண்டும், மேல்முறையீட்டுக்கு இலவச வக்கீல் கிடைப்பது அவர் உரிமை என்று 1978இலேயே நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதினார். வக்கீல் வரவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்யக் கூடாது, வழக்கின் தகுதியைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் இருக்கும் யாரும் வருமானக் கணக்குக் காட்டாமலே இலவச சட்ட உதவி கேட்கலாம். சிறைக் கண்காணிப்பாளரிடம் மனுவும் தீர்ப்பு நகலும் கொடுத்தால் போதும், அதை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்புவது அவர் கடமை. கைதி சென்னைக்கோ மதுரைக்கோ போக வேண்டியதில்லை. மனுவில் குற்றத் தீர்ப்பை எதிர்ப்பதோடு, தண்டனைக் காலத்தைக் குறைக்கவும், அபராதம் கட்டாததற்கான கூடுதல் சிறையைக் குறைக்கவும் தனித்தனியாகக் கேளுங்கள். விசாரணைக் கைதியாக உள்ளே இருந்த நாட்கள் தண்டனையில் கழிக்கப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யத் தீர்ப்பு நாளிலிருந்து 60 நாள் அவகாசம். நகல் பெற ஆகும் நாட்கள் அந்தக் கணக்கில் சேராது. 60 நாள் தாண்டிவிட்டாலும் தாமதத்துக்குக் காரணம் எழுதி, அதைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டு மனுப் போடலாம்.